நாத்தனாரின் தலைவலி

நவம்பர் 3

ஒருவழியாக மூன்று ஊரும் சேர்ந்துவிட்டன. இதுவரை ஒவ்வொரு ஊரும் தனித்தனியாக ஆள் தேடி, ஒரு வீட்டைக் குளிருக்குத் தயார் செய்யவே மாதக்கணக்கில் இழுத்தடித்தது. இனிமேல் ஆளுக்கொரு வேலை. சுவருக்குப் பஞ்சுப் பலகை பதிப்பது அக்கரைக்காரர்கள். இரட்டைக் கண்ணாடி ஜன்னல் மலையடி ஊர்க்காரர்கள். பழைய கேஸ் ஹீட்டரைக் கழற்றிவிட்டு, கரண்ட் அதிகம் இழுக்காத புது ஹீட்டர் மாட்டுவது எங்கள் ஊர். யார் எப்போது எந்த வீட்டுக்குப் போக வேண்டும் என்று முறை போடுவது நான்.

முதல் வீடு கொடுக்க ஒருவரும் முன்வரவில்லை. கடைசியில் நாத்தனார் காலில்தான் விழுந்தேன். அவரும் மகளும் மட்டும் இருக்கும் வீடு. "உன்னை நம்பித்தான் விடறேன். ஏதாவது ஆச்சு, அப்புறம் இருக்கு உனக்கு" என்றார். குறை சொல்லாமல் அவருக்குப் பொழுது விடியாது. தெரிந்தேதான் தலையைக் கொடுத்திருக்கிறேன்.

நவம்பர் 11

சுவர் முடிந்தது, ஜன்னலும் முடிந்தது. அக்கம்பக்கத்து வீடுகளையும் குளிர்காற்று புகாமல் மளமளவென்று அடைத்துக்கொண்டிருக்கிறார்கள். புது ஹீட்டர்கள் வந்து சேரத் தாமதமாகும் என்பதால் அதை மட்டும் கடைசியில் வைத்தேன். அதற்காக மற்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்க முடியுமா? எங்கள் ஊர்த் தலைவருக்கு வாயெல்லாம் பல்.

நாத்தனார்கூட "வீடு நல்லா கதகதன்னு இருக்கு" என்றார். அதிசயம்! அடுத்த மூச்சிலேயே, "ஆனா ரெண்டு நாளா தலை வலிக்குது." அதானே பார்த்தேன்.

நவம்பர் 13

மறுபடியும் போன். மறுபடியும் தலைவலி. "காபியைக் குறைச்சுப் பாருங்க அக்கா" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

நவம்பர் 14

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலையில் கணவர் பேச்சுவாக்கில் சொன்னார்: "அக்கா பொண்ணுக்கும் தலைவலியாம், வாந்தியாம். ஸ்கூல்ல இருக்கிற வரைக்கும் நல்லாத்தான் இருக்காளாம். படிக்காம இருக்க நடிக்கிறான்னு அக்கா திட்டுது."

பல் தேய்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். பள்ளியில் சரியாகிறது, வீட்டில் வலிக்கிறது — வீட்டில் என்ன இருக்கிறது? பழைய கேஸ் ஹீட்டர். இத்தனை வருஷமும் ஜன்னல் சந்துகளில் வந்த காற்றில்தான் அது ஒழுங்காக எரிந்தது. அந்தச் சந்துகளைத்தான் நாங்கள் அடைத்துவிட்டோம்! காற்றுப் போதாமல் எரிந்தால் அது கக்குவது வாசனையே இல்லாத விஷவாயு.

நாத்தனாருக்குப் போன் போட்டேன். எடுக்கவில்லை. ஹீட்டர் மெக்கானிக்கை வண்டியில் ஏற்றிக்கொண்டு பறந்தேன். வழியெல்லாம் போன்தான். அக்கரை மேஸ்திரி, "சுவர்தாங்க எங்க வேலை. ஹீட்டரை உங்க ஊரு பாத்துக்கும்னு நெனைச்சோம்" என்றார். ஜன்னல்காரர், "அடைக்கச் சொன்னீங்க, அடைச்சோம்" என்றார். பக்கத்தில் இருந்த மெக்கானிக், "என் முறை இன்னும் வரலியே மேடம்." அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறார்கள். முறை போட்டது யார்? நான்.

கதவைத் தட்டித் தட்டி — ஐயோ, அந்த நிமிஷம். கடைசியில் நாத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து திறந்தார். மகள் சோபாவில் துவண்டு கிடந்தாள். உள்ளே நுழைந்ததுமே மெக்கானிக்கின் விஷவாயு மீட்டர் கத்த ஆரம்பித்தது. ஜன்னல்களை எல்லாம் படபடவென்று திறந்துவிட்டேன். "இப்பத்தான் சூடாச்சு, ஏண்டி திறக்கிறே?" என்றார் நாத்தனார், நாக்குக் குழற.

இருவருக்கும் ஆக்சிஜன் வைத்திருக்கிறார்கள். பயப்பட வேண்டாம் என்கிறார் டாக்டர். எப்படிப் பயப்படாமல் இருப்பது?

நவம்பர் 15

ஹீட்டர் மாற்றாமல் அடைத்த வீடுகள் இன்னும் பதினொன்று. எல்லாவற்றையும் அணைக்கச் சொல்லி, வேலையை நிறுத்திவிட்டேன். தலைவர் குதிக்கிறார்: "இப்ப நிறுத்தினா ரெண்டு ஊரும் விலகிடும். வெளியில தெரியாம சரி பண்ணும்மா!" விலகட்டும் சார் என்றேன். தெருவே போர்வையைச் சுற்றிக்கொண்டு என்னைத் திட்டுகிறது. திட்டட்டும். மெக்கானிக் ஒற்றை ஆள், எப்போது முடிப்பார்?

நவம்பர் 16

அக்கரை மேஸ்திரி தன் ஆட்களோடு வேனில் வந்து இறங்கினார். அவர் முறையும் இல்லை, நான் கூப்பிடவும் இல்லை. "சுவர் வேலைக்காரன்னா சுவத்தையே பாத்துக்கிட்டு நிக்கணுமாங்க? மெக்கானிக் கேஸை அடைக்கட்டும், நாங்க கழட்டித் தூக்கறோம்." அவர்கள் ஊருக்கென்று வந்திருந்த புது ஹீட்டர்களையும் வேனிலேயே ஏற்றி வந்திருந்தார். நடுத்தெரு என்றும் பார்க்காமல் அழுதுவிட்டேன்.

நவம்பர் 27

முறையை மாற்றியாகிவிட்டது. கேஸ் ஹீட்டர் வெளியே போன பிறகுதான் ஜன்னல். எந்த ஊர்க்காரராக இருந்தாலும், கிளம்பும் முன் வீட்டில் இருப்பவர்களின் உடம்பு எப்படி என்று கேட்டே ஆக வேண்டும். வேலை மெதுவாகத்தான் போகிறது. யாரும் விலகவில்லை.

மதியம் நாத்தனார் போன். மகளோடு வீட்டுக்கு வந்துவிட்டார். சமையலறை ஜன்னல் கைப்பிடி முரடாம். புது ஹீட்டர் முணுமுணுக்கிறதாம். நான் திறந்த வேகத்தில் திரைச்சீலை கிழிந்துவிட்டதாம், அதற்கு யார் பதில் சொல்வதாம்?

"தலைவலி இருக்கா அக்கா?"

"அதெல்லாம் இல்ல. பேச்சை மாத்தாத."

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். "சொல்லுங்க அக்கா. வேற என்னென்ன?"