உன் வயிற்றில் இருந்த தடம்

அக்கா,

இன்று காலை இருப்புச்சட்டியில் கல்லுப்பு வறுத்தேன். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பரீட்சை. உப்பு படபடவென்று வெடித்து அந்தச் சூட்டு வாடை எழுந்ததும், பெரம்பலூரில் என் வீட்டில் நிற்கிறேன் என்பதே மறந்துவிட்டது. உடையார்பாளையத்தில் உன் அடுப்படியில் நின்றேன்.

தொண்ணூறுகளின் கடைசியில் உனக்கு ரத்தமாகப் போக ஆரம்பித்தது. குடலில் புண் என்றார்கள். அப்போது எல்லோரும் உன்னை நம்பினார்கள். உன் மாமியார்கூட மோர் கரைத்துக் கொடுத்தார். மாத்திரையில் புண் ஆறியது. உனக்குக் கெட்ட காலம் அப்போதுதான் பிடித்தது.

திருச்சியில் குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். "புண்ணு ஆறிடுச்சும்மா. ஆனா ரொம்ப நாள் வலிச்சு வலிச்சு நரம்புக்கு அதுவே பழகிடுச்சு. சோறு செரிக்கிறதக்கூட இனி வலின்னுதான் சொல்லும். நெசமான வலிதான், பாத்துக்குங்க." அதில் முதல் வாக்கியத்தை மட்டும்தான் உன் வீட்டுக்காரர் ஊருக்குக் கொண்டுபோனார்.

"ஒண்ணுமில்லன்னு டாக்டரே சொல்லிட்டாரு. முந்திரி பொறுக்க ஆளு இல்ல, இவ சுருண்டு சுருண்டு படுத்துக்குறா" என்று உன் மாமியார் தெருவுக்கே கேட்கச் சொல்வார். நான் சண்டைக்குக் கிளம்பினால் என் கையைப் பிடித்துக்கொள்வாய். "வுடுடி. புண்ணு ஆறுன சேதி இந்த வயித்துக்கு மட்டும் இன்னும் வந்து சேரல." சிரித்துக்கொண்டே, வறுத்த சூட்டோடு உப்பு முடிச்சை வயிற்றோடு ஒட்டிச் சேலைக்குள் செருகிக்கொண்டு முந்திரிக்காட்டுக்கு நடப்பாய்.

ஒரு நாள் புண் மறுபடி வந்து குடல் ஓட்டையானது. நீ கத்தினாயாம். தினம் வருகிற வலிதானே என்று விட்டுவிட்டார்கள். நான் பஸ் பிடித்து வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. இன்றைக்கும் எனக்கு மனசு ஆறவில்லை அக்கா. யார் கழுத்தையாவது நெரிக்கலாம் போலிருக்கிறது.

உன்னைக் குளிப்பாட்டச் சேலையை விலக்கினோம். வருடக்கணக்காகச் சூடு வைத்துக்கொண்டதில் வயிறு முழுக்க வலை பின்னியது மாதிரி கறுத்துக் கிடந்தது. உன் மாமியாரின் கையில் இருந்த சொம்பு அப்படியே நின்றுவிட்டது. "இம்புட்டு வலியாடி ஒனக்கு?" என்று உன்னைப் பார்த்துத்தான் கேட்டார். நீ பதில் சொல்லக்கூடிய நாளில் கேட்டிருக்கலாம்.

என் மகளுக்கு வலி இல்லை. அது எனக்கு நன்றாகவே தெரியும். ஆனாலும் உப்பைத் துணியில் முடிந்து எடுத்துப்போனேன். "நெசமாவா?" என்று இப்போதெல்லாம் நான் யாரையும் கேட்பதில்லை அக்கா. "எங்க வலிக்குது?" என்று மட்டும் கேட்டேன். அவள் காட்டிய இடத்தில் வைத்தேன்.