கையெழுத்து வாங்காத கடிதம்

என் ஆசை அண்ணே,

இன்னும் பத்து நாளில் தீபாவளி. இந்த முறை நம் லயத்தில், அந்த வரிசை வீடுகள் ஒன்றிலும், விளக்கு எரியாது. அண்ணிக்கு இதை உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நம் தோட்டத்துக்கு வெளியிலிருந்து மின்சாரம் கிடையாது என்பதை டவுனில் யாரும் நம்புவதில்லை. செம்பனை எண்ணெய் மில் ஓடினால் பாய்லர் எரியும், பாய்லர் எரிந்தால் லயத்தில் வெளிச்சம். தீபாவளிக்கு மில்லுக்கு லீவு. ஊரெல்லாம் ஜொலிக்கும்போது நாம் மட்டும் மெழுகுவர்த்தியோடு உட்கார்ந்திருந்தோம், நீ பாய்லர்காரனாகும் வரை.

நீ ஒரு மாதத்துக்கு முன்பே, எரிப்பதற்காக, செம்பனைக் கொட்டையின் ஓட்டையும் பழத்தின் நாரையும் மழையில் நனையாமல் தகரக் கொட்டகையில் சேர்த்து வைப்பாய். தீபாவளியன்று எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, புதுச் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, தனியாகப் போய் பாய்லரைப் பற்ற வைப்பாய். அண்ணி தோசையைத் தூக்குச்சட்டியில் போட்டு அங்கேயே கொண்டுவருவார். கறி ஆறிப்போயிருக்கும். நீ ஒரு நாளும் குறை சொன்னதில்லை.

"ஒரு நாளைக்கு எரியிறது எல்லா நாளும் எரியக்கூடாதா லா?" என்று நீதான் ஆரம்பித்தாய். ஒரு பெரிய உலர்ந்த கொட்டகை, சின்னதாக ஒரு பாய்லர், ஒரு ஜெனரேட்டர். மில் நின்றாலும் லயத்துக்கு மின்சாரம். தோட்டக் கூட்டுறவுச் சங்கம் நடத்தும், கடன் நான் வேலை பார்க்கும் பேங்கில். எண்ணெய் பிழிந்த பிறகு மில் தூக்கிப் போடுவதுதானே, அதற்கு யாரிடம் கேட்க வேண்டும் என்று சிரித்தாய்.

எங்கள் பேங்க் அதிகாரியும் சிரித்தார், ஆனால் வேறு மாதிரி. "இன்றைக்குக் குப்பை. நாளைக்கு அதை மில் வேறு யாருக்காவது விற்றால் இவர்கள் பாய்லர் எதைத் தின்னும்? கடன் முடியும் வரை கொடுப்போம் என்று மில் மானேஜரிடம் எழுதி வாங்கி வரச் சொல்லுங்கள்" என்றார். அவர் கேட்டதில் தப்பே இல்லை. நானே மலாயில் டைப் அடித்து உன்னிடம் கொடுத்தேன். மானேஜர் கையெழுத்துப் போட்டால் போதும்.

"குடுத்துட்டேன் புள்ள. பார்க்கிறேன்னு சொல்லியிருக்காரு" என்றாய். மாதங்கள் போயின. பேங்கில் ஃபைலை மூடிவிட்டார்கள். போன தீபாவளியன்று, ஊரெல்லாம் காட்டுத்தீயின் புகைமூட்டம், நீ பாய்லர் வாசலில் இருமிக்கொண்டிருந்தாய், நான் வந்து கத்தினேன். "ஒரு கையெழுத்து வாங்க உனக்குத் துப்பு இல்லையாண்ணே?"

நீ பாய்லர் பக்கம் திரும்பினாய். மண்வெட்டியால் கொட்டை ஓட்டை அள்ளிப் போட்டாய். இரண்டு வாரத்தில் மூச்சு முட்டி ஆஸ்பத்திரிக்குப் போனாய், திரும்பி வரவில்லை. நான் உன்னோடு கடைசியாகப் பேசியது அதுதான்.

இந்த மாதம், வரப்போகும் வருஷத் திவசத்துக்காக அண்ணி உன் பெட்டியைத் திறந்தார். வேலைச் சட்டைப் பையில் அந்தத் தாள் இருந்தது. நாலாக மடித்து, மடிப்பெல்லாம் கறுத்து, உன் பெருவிரல் கிரீஸ் ஓரத்தில் பதிந்து. கையெழுத்துப் போட வேண்டிய இடம் வெள்ளையாக இருந்தது.

மில் ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி மணியம் அங்கிளைப் போய்க் கேட்டேன். "மூணு நாளு காலையில வந்து மானேஜர் கதவுகிட்ட நின்னான்மா. தொப்பியக் கையில வச்சிக்கிட்டு. என்னப்பான்னு கேட்டா, சும்மாதான் அங்கிள்னு போயிட்டான்" என்றார்.

ஏன் அண்ணே? வருஷா வருஷம் தீபாவளிக்கு எரிக்க வாய்வார்த்தையாகச் சரி என்றவரிடம் எழுத்தில் கேட்டால், உங்களை நம்பவில்லை என்று சொல்வதாகிவிடும் என்றா? வேலைக்கு ஏதாவது வந்துவிடும் என்றா? என்னிடமாவது சொல்லியிருக்கக் கூடாதா?

எனக்குக் கோபம்தான் வந்தது. நான் வாங்கிக் காட்டுகிறேன் என்று போன சனிக்கிழமை நான் தங்கியிருக்கும் பாயா ரும்புட்டிலிருந்து பஸ் ஏறி மில்லுக்குப் போனேன். இப்போது புது மானேஜர். முற்றத்தில் உன் கொட்டகை காலியாகக் கிடந்தது. செங்கல் சூளை லோரி ஒன்று கொட்டை ஓட்டை ஏற்றிக்கொண்டிருந்தது. எங்கள் அதிகாரி சொன்ன அந்த 'வேறு யாராவது' வந்துவிட்டார்கள். நார் மட்டும் வெளியே மழையில் குவிந்து நனைந்துகொண்டிருக்கிறது.

நாரையாவது கொடுப்பீர்களா என்று மானேஜரிடம் கேட்டேன். "பார்க்கலாம்" என்றார், தலையைத் தூக்காமல். தாள் என் கைப்பையில் இருந்தது. எடுக்க வேண்டியதுதான் பாக்கி. நான் என்ன செய்தேன் தெரியுமா? "தேங்க் யூ சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டேன். நீ நின்ற அதே கதவுதான். பஸ்ஸில் வழி முழுக்க அழுதேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் ஃபைல் வந்த அன்று அதிகாரி என்னிடம், "இந்தத் தோட்டம் உங்களுக்குத் தெரிந்த இடமா?" என்று கேட்டார். இல்லை என்றேன். நான் லயத்தில் பிறந்தவள் என்று பேங்கில் யாருக்கும் தெரியாது. பாய்லர்காரர் என் அண்ணன் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால், அதிகாரியையே கூட்டிக்கொண்டு மில்லுக்கு வந்திருக்கலாம். நீ தொப்பியோடு தனியாக நின்றிருக்க வேண்டாம். துப்பு இல்லாதவள் நான்தான் அண்ணே. என்னை மன்னித்துவிடு.

ரிங்கிட்டின் மதிப்பு விழுந்த பிறகு பேங்கில் கடன் என்று வாயெடுக்கவே பயமாக இருக்கிறது. கிடைக்கும் என்று உனக்குப் பொய் சொல்ல மாட்டேன். இந்தத் தீபாவளி இருட்டுதான். அடுத்ததும் இருட்டாக இருக்கலாம்.

ஆனால் திங்கட்கிழமை முதலில் அதிகாரியிடம் போய் நீ யார், நான் யார் என்று சொல்லப் போகிறேன். பிறகு மறுபடி மில்லுக்கு. புதுத் தாள் டைப் அடிக்க மாட்டேன். உன் கிரீஸ் பட்ட அதே தாளில் 'கொட்டை ஓடு' என்பதைக் கோடு போட்டு அடித்துவிட்டு, 'நார்' என்பதை மட்டும் வைத்து, மானேஜர் மேசைமேல் விரிப்பேன். கையெழுத்துப் போட்டால் நல்லது. தர முடியாது என்றால், முடியாது என்பதை அதிலேயே எழுதிக் கொடுக்கச் சொல்வேன். எழுதிக் கொடுக்கும் வரை அந்தக் கதவைத் தாண்டி வெளியே வர மாட்டேன், இது உன்மேல் சத்தியம்.

லயத்தில் உன்னோடு பிறந்தவள்,
உன் தங்கச்சி செல்வி