கோட் சரி, ஆள்தான் சரியில்லையாம்

செப்டம்பர் 2, செவ்வாய்

காலையில் மூடுபனி. எதிர் லயத்து வரிசை வீடுகள் தெரியவில்லை. முதுகுக் கட்டை அவிழ்த்தாயிற்று. தழும்பு சட்டைப் பொத்தான் அளவு. இந்தத் துளை வழியாகவா சிறுநீரகக் கல்லை உடைத்து எடுத்தார்கள்! கல்தூளைச் சின்னப் போத்தலில் தந்திருக்கிறார்கள். சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன். மனைவி பார்வதி திட்டி, ஜன்னலுக்கு மாற்றினாள்.

மாலையில் மகள் செல்வி வந்தாள். மாத்தளையில் கார்மன்ட் ஆபீஸில் வேலை. அவள் இன்சூரன்ஸில் எங்களுக்கும் இடம் உண்டு. கண்டி ஆஸ்பத்திரி பில்லைக் காட்டினாள். இங்கிலீஷ். ஒவ்வொன்றுக்கும் ஒரு நம்பர்; கோட் என்கிறாள். அதை மட்டும் நான் வாசித்தேன்.

கல்லுக்கு: N 20.0. (இரண்டு கம்பு, நடுவில் ஒரு சாய்ந்த கம்பு. நான் எழுதியது நன்றாக வந்திருக்கிறது.)
துளை போட்டு எடுத்ததற்கு ஒரு கோட்.
உள்ளே வைத்த குழாய்க்கு வேறு கோட்.
அதை வெளியே எடுக்கும்போது இன்னொன்று வருமாம். பந்தல் போடவும் கூலி, பிரிக்கவும் கூலி.

தேயிலைத் தோட்டத்தில் கூலிப் பதிவுக்கு எனக்கு ஒரு செக்ரோல் நம்பர் இருந்தது. இப்போது கல்லுக்கும் நம்பர்.

இன்சூரன்ஸ் பணம் கேட்கிற கிளைம் பாரத்தில் கையெழுத்துப் போட்டேன். முதியோர் வகுப்பில் எழுதப் பழகினபின் முதல் தடவை, உண்மையான தாளில். போட்டு முடிப்பதற்குள் தேத்தண்ணி ஆறிப்போனது.

செப்டம்பர் 9, செவ்வாய்

மழை. வகுப்பு இல்லை. கூரை ஒழுகுகிற இடத்தில் வாளி.

செல்வி போன் எடுத்தாள். "அப்பா, கோட் எல்லாம் சரியாம். ஆள்தான் சரியில்லையாம்."

ஆஸ்பத்திரியில் சேர்ந்த தாளில் கைநாட்டு. கிளைம் பாரத்தில் கையெழுத்து. இரண்டு பேர் போல இருக்கிறதாம். இன்சூரன்ஸ்காரர்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

உண்மைதான். அன்றைக்கு வலியில் உயிர் போய்க்கொண்டிருந்தது. நர்ஸ் மைப்பெட்டியை நீட்டினாள். பெருவிரல் தானாகப் போய்விட்டது. பழகின மாடு.

"புதுப் பாரம் தாறேன், கைநாட்டே வச்சிருங்கப்பா. லேசா முடிஞ்சிரும்."

முடியாது என்றேன். கிளைம் வராவிட்டால் பில் முழுவதும் அவள் தலையில்தான். தெரியும். ஆனாலும் திரும்பக் கைநாட்டா?

"ஆஸ்பத்திரிக்குப் போற வயசில பிடிவாதத்தப் பாரு" என்றாள் பார்வதி. அவளும் என்னோடு வகுப்புக்கு வருகிறவள்தான்.

செப்டம்பர் 11, வியாழன்

வெயில். உளுந்து வாங்க வேண்டும். ராத்திரி யோசித்ததில் தூக்கம் குறைவு. செல்வி பாவம்.

செப்டம்பர் 16, செவ்வாய்

குழாய் எடுக்கும் நாள். வத்தேகம பஸ்ஸில் செல்வியோடு கண்டிக்கு. எப்படி எடுத்தார்கள் என்று எழுத மாட்டேன். பார்வதி வாசித்துவிடுவாள்.

அதற்கு முன்னால் சம்மதத் தாள். பழைய தாளைப் பார்த்த நர்ஸ் மைப்பெட்டியை எடுத்தாள். நான் பேனா கேட்டேன். செல்வி நெற்றியில் கை வைத்தாள். "ஐயோ, இன்னும் ஒரு ஆள் கூடிப்போகும்!"

பில் கவுண்டரில் இருக்கிற ரிஸானா சத்தம் கேட்டு எழுந்து வந்தாள். செல்வி எல்லாவற்றையும் சொன்னாள். ரிஸானா சிரித்துவிட்டாள்.

"ஐயா, ரெண்டையும் வைங்க. ஒரே தாளில, பக்கத்துல பக்கத்துல. டொக்டர் சாட்சி போடட்டும். கிளைமோட அதையும் அனுப்புவோம்."

"கையெழுத்து மேல. கைநாட்டு கீழ" என்றேன்.

"சரி மகராசா" என்றாள் செல்வி.

இடது கைக்கு மை. வலது கைக்குப் பேனா. டொக்டர் கையுறை போட்டபடி நின்றார். "அவசரமில்ல ஐயா" என்றார். எனக்கும் அவசரம் இல்லை.

செப்டம்பர் 26, வெள்ளி

பனி இல்லை. மலை முழுக்கத் தெரிகிறது. செல்வி போன். கிளைம் சரியாம். ஆளும் சரியாம்! ஆபீஸில் அந்தத் தாளை எல்லாருக்கும் காட்டினாளாம்.

பார்வதி கேட்டாள்: "இப்ப சந்தோஷமா, கையெழுத்துக்காரரே?" அப்புறம் அடுத்த மாதம் அவளுக்குக் கண் பரிசோதனை, அந்தத் தாளில் மைப்பெட்டியைக் கிட்டவே விட மாட்டாளாம். கையெழுத்துப் பழகப் பென்சிலைக் கூர்ப்படுத்தித் தரச் சொல்கிறாள்.

என் பேனாவையே கொடுத்தேன். கொடுக்கும் முன் ஒரே ஒரு தடவை:

க. மாரிமுத்து