பலகையைக் கழற்றிய பெண்

மார்ச் 3, திங்கள்

இப்படித்தான் முடியும் என்று நான் முன்பே சொன்னேன். நீதிபதி தொண்டையைச் செருமியபோதே, "சிறை கிடையாது சார், சிகிச்சைதான்" என்று வக்கீலின் காதில் போட்டுவிட்டேன். மனிதர் அசந்துபோனார். ஒன்றரை வருடம் சிறை, அல்லது தொண்ணூறு நாள் குடிநோய் மறுவாழ்வு மையம், எது வேண்டும் என்று நீதிபதி என்னைக் கேட்டார். கேட்டார் என்ன, ஏறக்குறைய கெஞ்சினார். முப்பத்தொரு வருடம் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவனை உள்ளே தள்ளினால் இந்த ஊர் மாடிப்படி ஏறியே செத்துவிடும் என்று அவருக்கும் தெரியும்தானே.

நிபந்தனை மூன்று. வாசலைத் தாண்டினால் சிறை. ஒரு சொட்டு குடித்தால் சிறை. நீதிமன்றத்தில் நான் சொன்னது பொய்யென்று தெரிந்தால் அப்போதும் சிறை. மூன்றாவதைச் சொல்லும்போது மட்டும் என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நானும் பார்த்தேன். பார்ப்பதில் என்ன.

இந்த நோட்டு என் தங்கை மகள் வாங்கிக் கொடுத்தது. "எழுதுங்க மாமா, கை நடுக்கம் கொறையும்" என்றாள். என் கை எங்கே நடுங்குகிறது?

மார்ச் 4, செவ்வாய்

நடுங்குகிறது.

மார்ச் 6, வியாழன்

இரண்டு நாள் எழுத முடியவில்லை. வேர்வை, வாந்தி, சுவரில் எறும்பு ஊர்கிற மாதிரி. எறும்பு கிடையாது. வேறொருவனாக இருந்தால் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நர்ஸ் சொன்னார். சொல்லவில்லை, முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது.

இது ஒரு மாடி வீடு. கீழே சமையலறையும், நாற்காலி போட்ட கூடமும். மேலே எட்டுக் கட்டில். தெருவைப் பார்த்த ஒரே ஜன்னல், தையற்காரர் ஒருவரின் கட்டிலருகே. நான் சுவரோரம்.

ஒன்று மட்டும் புரியவில்லை. இந்த வீட்டில் லிப்ட் இல்லை. ஆனால் நேற்றும் இன்றும் மத்தியானம் மூன்று மணிக்கு, சுவருக்குள்ளே 'டக்' என்று ரிலே விழும் சத்தம் கேட்டது. யாரோ கீழே பொத்தானை அழுத்தினால் மேலே மிஷின் அறையில் கேட்கும் சத்தம் அது. முப்பத்தொரு வருடம் கேட்டவனுக்குத் தப்புமா? நர்ஸிடம் சொன்னேன். "உங்க காதுக்குக் கேக்கலை, உடம்புக்குக் கேக்குது. ரெண்டு வாரத்துல போயிடும்" என்றார்.

மார்ச் 10, திங்கள்

இன்று என் முறை. இங்கே ஒரு வழக்கம். திங்களன்று ஒருவன் தன் கதையைச் சொல்ல வேண்டும். வியாழனன்று மற்ற ஏழு பேரும் அதை ஆளுக்குக் கொஞ்சமாகத் திருப்பிச் சொல்வார்கள். அதுவும் 'அவர்' என்று சொல்லக் கூடாது. 'நான்' என்றே சொல்ல வேண்டும். கதைக்குச் சொந்தக்காரன் முழங்காலில் கை வைத்து, வாய் திறக்காமல் கேட்க வேண்டும். இது எதற்கு என்று ஆலோசகர் அம்மாவைக் கேட்டேன். "உங்களை நீங்க வெளியில இருந்து ஒரு தடவை பாக்கணும்ல" என்றார். என்னைப் பார்க்க யாருக்குத்தான் ஆசை இருக்காது.

நான் சொல்ல ஆரம்பித்தால் கூடத்தில் ஒரு ஈ பறக்காது. ஜனவரியில் அந்த ஆறு மாடி அலுவலகக் கட்டடம். மூன்றாம் மாடிக் கதவில் கோளாறு, பூட்டு சரியாகப் பிடிக்கவில்லை. கதவுப் பூட்டின் இணைப்பில் ஒரு துண்டு வயரைப் போட்டுவிட்டால், கதவு திறந்திருந்தாலும் மூடியிருப்பதாக மிஷின் நம்பிவிடும். சோதனை செய்ய எல்லா மெக்கானிக்கும் செய்வதுதான். வயரைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் போனேன். எங்கே என்று இவர்களிடம் மறைக்க முடியுமா? கடைக்குத்தான். அதற்குள் மூன்றாம் மாடிக் கணக்காளர் கதவை இழுத்தார், திறந்தது, காலை வைத்தார், உள்ளே பெட்டி இல்லை. ஒரு மாடி கீழே நின்ற பெட்டியின் கூரையில் விழுந்தார். இடுப்பெலும்பும் மணிக்கட்டும். உயிருக்கு ஒன்றுமில்லை.

ஆனால் நான் பொறுப்பில்லாதவன் இல்லை. 'பழுது வேலை நடக்கிறது, திறக்காதீர்கள்' என்ற பலகையைக் கதவில் மாட்டிவிட்டுத்தான் போனேன். படி இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். நீலச் சட்டை போட்ட ஒரு பெண் அந்தப் பலகையைக் கழற்றி எடுத்துக்கொண்டு போனாள். யாரென்று தெரியாது. முகம் பார்க்கவில்லை. இதைத்தான் நீதிமன்றத்திலும் சொன்னேன். பலகை மாட்டிய மனிதன் திருந்தக்கூடியவன் என்று நீதிபதி தீர்ப்பிலேயே எழுதினார். அதனால்தான் சிறைக்குப் பதில் சிகிச்சை.

சொல்லி முடித்ததும் டிரைவர் பெருமூச்சு விட்டார். இவர் இருபது வருடம் பஸ் ஓட்டியவர், லேசில் அசைகிற ஆள் இல்லை.

மார்ச் 13, வியாழன்

ஏழு பேர் நானாக உட்கார்ந்திருந்தார்கள்.

முதல் ஆள் "நான் வயரைப் போட்டேன்" என்றான். அடுத்தவன் "நான் கடைக்குப் போனேன்" என்றான். சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். பிறகு தையற்காரர் முறை. கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "நான் திரும்பிப் பாத்தேன். அவ நீலச் சட்டையில மேல் பொத்தான் மட்டும் வெள்ளை நூல்ல தைச்சிருந்துது."

நான் அதைச் சொல்லவே இல்லை.

டிரைவர் தொடர்ந்தார்: "அவ பலகையைத் தூக்கிட்டு இடது காலை இழுத்து இழுத்து நடந்தா."

அதையும் சொல்லவில்லை. வாய் திறக்கக் கூடாது என்பது விதி.

மார்ச் 14, வெள்ளி

தையற்காரரை மடக்கிக் கேட்டேன். "நீங்கதானேண்ணே சொன்னீங்க" என்றார். சத்தியம் செய்கிற முகம். டிரைவரும் அதையே சொன்னார்.

சொன்னேனா? சுவாரசியத்துக்கு இரண்டு வார்த்தை சேர்ப்பது என் வழக்கம்தான். ஆனால் சேர்த்தது எனக்கு நினைவிருக்கும். அதுதானே என் திறமை.

மார்ச் 20, வியாழன்

என் கதையை இன்னொரு முறை எடுக்கச் சொன்னார் ஆலோசகர் அம்மா. இன்று கதையில் அந்தப் பெண் இருமினாள். பலகையை மார்போடு அணைத்துக்கொண்டு போனாள். யார் எதைச் சொன்னார்கள் என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை, எல்லாக் குரலும் 'நான், நான்' என்றே வருகிறது. ஒரு கட்டத்தில் படிக்கட்டும் அவள் முதுகும் எனக்கே தெரிந்தன. வெள்ளை நூலும் தெரிந்தது. முதுகுப் பக்கமிருந்து பொத்தான் எப்படித் தெரியும்?

மார்ச் 21, வெள்ளி

மத்தியானம் மூன்று மணி. 'டக்'.

டிரைவர் படுத்தபடியே தலையைத் தூக்கி, "உங்களுக்கும் கேட்டுச்சா?" என்றார்.

மார்ச் 27, வியாழன்

வாட்ச்மேன் மேலே வந்தார். உங்களைப் பார்க்க ஒரு அம்மா வந்தார், பேர் சொல்ல மாட்டேன் என்றார், உறவுக்காரர் இல்லாததால் திருப்பி அனுப்பிவிட்டேன் என்றார். எப்படி இருந்தார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

நீலச் சட்டை. இடது கால் கொஞ்சம் இழுக்கிறது. பேசும்போது இருமல்.

பொத்தானைப் பற்றி நான் கேட்கவில்லை.

மார்ச் 29, சனி

நான் செய்த பெண் அவள். நானே என் வாயால் செய்தேன். செய்தவன் இங்கே இருக்கிறேன், அவள் எப்படி வாசலுக்கு வருவாள்? யாரிடம் போய்க் கேட்பது இதை? குடித்தால் ஒரே நிமிடத்தில் போய்விடும் என்று ஒரு நினைப்பு. அந்த நினைப்புதான் அவளைவிடப் பயமாக இருக்கிறது.

மார்ச் 30, ஞாயிறு

தங்கை மகள் வந்தாள். முகம் ரொம்ப இளைத்துவிட்டது என்றாள். வழக்கமாக, மாமா சொல்வதில் பாதியைத் தள்ளுபடி செய்துதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொள்வோம் என்று கேலி பேசுகிறவள், இன்று என் மேல் பெருமைப்படுகிற மாதிரி உட்கார்ந்து, "நீங்க சொன்ன அந்தப் பொம்பளையைக் கண்டுபிடிச்சுட்டாங்க மாமா" என்றாள்.

எந்தப் பொம்பளை?

"பலகையை எடுத்தவ. அங்க கூட்டித் துடைக்கிறவங்களாம். அவங்களுக்கெல்லாம் நீலச் சட்டைதான் யூனிஃபார்மாம். அன்னிக்கு மூணாம் மாடி வேலை இவங்களுதாம். தீர்ப்பு வந்த மூணாம் நாளே வேலையை விட்டு நிறுத்திட்டாங்க. கேஸும் போட்டிருக்காங்க, ஏப்ரல் பதினாறு கூப்பிட்டிருக்காங்களாம். நீங்க இவ்வளவு கரெக்டா சொல்வீங்கன்னு அம்மாவே நம்பலை."

பொய்யைக் கண்டுபிடிப்பார்கள் என்று நான் பயந்தது உண்டு. பொய்யில் வந்த ஆளைக் கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நாளும் நினைத்ததில்லை.

மார்ச் 31, திங்கள்

பலகையை நான் மாட்டவில்லை. அது என் பையிலேயே இருந்தது. பலகை மாட்ட வேண்டும் என்று தோன்றக்கூட இல்லை, தொண்டை அப்படி வறண்டிருந்தது. எந்தப் பெண்ணும் எதையும் எடுக்கவில்லை. போலீஸ் கேட்டபோது வாயில் வந்தது. பொய்க்கும் ஒரு சட்டை மாட்ட வேண்டுமே. எத்தனையோ வருடமாக அந்தக் கட்டடத்தில் கண் முன்னால் போய் வந்த சட்டையை எடுத்து மாட்டியிருக்கிறேன். அதை யாரோ போட்டிருப்பார்கள் என்பது உறைக்கவில்லை.

காலையில் தையற்காரரின் ஜன்னலில் நின்று பார்த்தேன். எதிரே பஸ் நிறுத்தம். அங்கே அந்த நீலச் சட்டை அம்மா நின்றுகொண்டிருந்தார். பஸ் வந்தது, போனது. ஏறவில்லை.

"மூணு வாரமா நிக்கிறாங்கண்ணே," என்றார் தையற்காரர். "நீங்க கதை சொன்னப்ப மனசுல ஒரு ஆளு வேணும்ல. இவங்களை வச்சுக்கிட்டேன் போல. நானும் டிரைவரும் இங்க இருந்து தினமும் பாப்போம்."

அப்படியென்றால் வெள்ளை நூலும் காலும் இருமலும் அவருடையவை. என்னுடையது பலகை மட்டும். பயம் போயிருக்க வேண்டும். போகவில்லை.

ஆலோசகர் அம்மாவிடம் சொன்னால் அவர் அறிக்கையில் எழுத வேண்டும். எழுதினால் மூன்றாவது நிபந்தனை. சொல்லாவிட்டால் பதினாறாம் தேதி நீலச் சட்டை அம்மா போய் நிற்பார், என் இடத்தில். நான் இங்கே இன்னும் அறுபத்திரண்டு நாள் நல்ல பிள்ளையாக இருந்து, கைதட்டல் வாங்கி, வீட்டுக்குப் போகலாம்.

ஏப்ரல் 3, வியாழன்

வாட்ச்மேனைக் கெஞ்சினேன். கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீலச் சட்டை அம்மா. என் வயதுதான் இருக்கும்.

திட்டுவார் என்று தயாராகத்தான் போனேன். அவர் ரொம்ப மெதுவாக, "நீங்க பாத்தது என்னையா?" என்று கேட்டார். "எல்லாரும் நான்தான் எடுத்தேன்னு சொல்றாங்க. மேனேஜர் சொல்றாரு, போலீஸ் சொல்லுது, எங்கூட வேலை செஞ்சவளுகளும் சொல்றாளுக. நானும் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். எடுத்திருப்பேனோன்னு இருக்கு. பாத்தவரு நீங்க ஒருத்தர்தான். அதான் கேக்க வந்தேன்."

மூன்று வாரம் அவர் அங்கே நின்றது இதற்காக.

நான் சொல்லிவிட்டேன். நீங்கள் இல்லை. யாரும் இல்லை. பலகையே மாட்டவில்லை. பொய் சொன்னேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "விடுங்கண்ணே, மனுஷன்தானே" என்று சொல்லிவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

ஆலோசகர் அம்மாவிடம் சொன்னேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "நான் இதை எழுதியாகணும். எழுதினா என்ன ஆகும்னு தெரியும்ல?" என்றார். தெரியும் என்றேன். வேறு எதுவும் அழகாகச் சொல்ல வரவில்லை.

ஏப்ரல் 10, வியாழன்

புதுக் கதையைத் திருப்பிச் சொன்னார்கள். திருப்பிச் சொல்ல அதில் ஒன்றும் இல்லை. "நான் பலகையை மாட்டலை" என்று முதல் ஆள் சொன்னான். அடுத்தவனும் அதையே சொன்னான். டிரைவர் சொன்னார். தையற்காரர் சொன்னார். ஏழு முறை. ஒருவரும் ஒரு வார்த்தை சேர்க்கவில்லை.

மூன்று மணி ஆனது. கூடத்தில் எல்லாரும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சத்தம் வரவில்லை.

ஏப்ரல் 16, புதன்

அந்த அம்மா மேல் இருந்த வழக்கை எடுத்துவிட்டார்கள். எனக்கு ஒன்றரை வருடம்; மையத்தில் இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம். தங்கை மகள் அழுதாள். "இப்ப ஏன் மாமா சொன்னீங்க" என்றாள். கட்டடத்து மேனேஜர் வேலையைத் திருப்பித் தருவதாகச் சொன்னாராம். அந்த அம்மா நீதிமன்றத்துக்கு வரவில்லை. வர வேண்டிய அவசியமும் இல்லைதான்.

ஏப்ரல் 28, திங்கள்

இங்கே சிறையில் பேனாவைக் கேட்டு வாங்க வேண்டும், மாலை நான்கு மணிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். பக்கத்து ஆளிடம் சின்னப் பாட்டிலில் ஏதோ இருக்கிறது. வேண்டுமா என்று கேட்டான். ஐம்பத்தாறு நாள் ஆகிறது என்றேன். எதற்கு ஐம்பத்தாறு என்று கேட்டான்.

தங்கை மகள் நேற்று வந்தாள். அந்த அம்மா இன்னும் வேலைக்குத் திரும்பவில்லையாம். மேனேஜர் ஆள் விட்டுக் கூப்பிட்டும் வரவில்லையாம். மனக்கசப்பு போல என்றாள். மனக்கசப்பு இல்லை. எனக்குத் தெரியும்.

ஏப்ரல் மூன்றாம் தேதி எழுதியதில் ஒரு இடம் தவறு. அதைத் திருத்த வேண்டும். நான்கு மணிக்கு இன்னும் பத்து நிமிடம் இருக்கிறது.

அவர் சிரிக்கவில்லை. "விடுங்கண்ணே" என்று சொல்லவும் இல்லை. அதை நான் சேர்த்தேன். பஸ் வந்தது, அவர் ஏறவில்லை. நான் பொய் என்று சொன்னதும் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, ரொம்ப நேரம் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்:

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. அந்தப் பலகையோட கனம் என் கையில இருக்கு."