வட்டத் தொட்டியின் நடுவில்

ஆரணி
12.8.1982

அன்பு மகன் அருணகிரிக்கு அம்மா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் தங்கை தெய்வநாயகியும் உடம்புக்குக் குறையில்லாமல் இருக்கிறோம், கான்பூர் வெயிலில் நீ எப்படி இருக்கிறாய் என்று தனியாக ஒரு பதில் போடு, போன தடவை மாதிரி நாலு பக்கம் தண்ணீரைப் பற்றி எழுதிவிட்டு உன்னைப் பற்றி அரை வரி எழுதாதே.

நீ அனுப்பிய போட்டோ வந்தது. தண்ணீரில் ஒரு சொட்டு மை விட்டு, அது காளான் மாதிரி விரிவதைப் படம் பிடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கண்காட்சியில் மாட்டினார்களாம், பெரிய மனிதர்கள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தார்களாம். நம் சாயப் பட்டறைக் கால்வாயில் தினமும் காலையில் பச்சையும் சிவப்பும் பின்னிக்கொண்டு இதைவிட லட்சணமாகப் போகிறது, பார்க்க வருகிறவர் முனிசிபாலிட்டிக்காரர் ஒருவர்தான், அவரும் மூக்கைப் பொத்திக்கொண்டு வருகிறார். ஆற்றில் வெள்ளம் வந்தால் பாலத்துத் தூணுக்குப் பின்னால் சுழி ஏன் மாறி மாறிக் கிளம்புகிறது என்று அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிறாய். மாடு குளிப்பாட்டுகிறவன் அந்தப் பக்கம் மாட்டை விடமாட்டான், அவனுக்கு யார் அம்புக்குறி போட்டுக் காட்டினார்கள். சுழியைப் பற்றியே இருபது வருஷமாக எழுதுகிற உங்கள் புரொபசர் ஒரு நாளாவது முழங்கால் தண்ணீரில் நின்றிருப்பாரா என்று கேட்டுச் சொல். எல்லாவற்றுக்கும் மேலே அந்த டீ டம்ளர். டீயை ஸ்பூனால் சுற்றிக் கலக்கினால் அடியில் இருக்கிற தூள் ஓரத்துக்குப் போகாமல் நடுவில் வந்து குவிகிறது, அது ஏன் என்று ஒரு வாரம் உட்கார்ந்து கணக்குப் போட்டாயாம். இதற்கா உன்னை ரயில் ஏற்றிவிட்டேன் என்று தெய்வநாயகியிடம் சொல்லிச் சிரித்தேன்.

மறுநாள் காலையில் சிரிப்பு நின்றுவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நம் சாய மேஸ்திரி தணிகாசலத்தைப் போன மாதம் வேலையை விட்டு நிறுத்திவிட்டேன், உனக்கு எழுதவில்லை. உங்கப்பா போனபின் நான் தலைச்சுமையாகச் சாயப்பொடி விற்று இந்தப் பட்டறையைப் போட்ட நாளிலிருந்து இருந்தவர். பழைய நீளத் தொட்டி விறகை அதிகம் தின்கிறது என்று வைகாசியில் வட்டமாக ஒரு எவர்சில்வர் தொட்டி வாங்கினேன். இது நமக்கு ஒத்து வராது என்று அவர் முனகினார், நான் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த மாதமே அரக்குச் சாயம் திட்டுத் திட்டாக விழுந்தது, முள்ளிப்பட்டுத் தறிக்காரன் ஜெயவேல் கல்யாணப் புடவைக்குக் கொண்டுபோன நூலை அப்படியே திருப்பிக் கொண்டுவந்து போட்டான். கூலி வாங்க வந்த தறிக்காரர்கள் அத்தனை பேரும் நிற்கிறபோது, தணிகாசலத்துக்குக் கை நடுங்குகிறது, இனி சாயத்தில் கை வைக்க லாயக்கில்லை என்று சொன்னேன். அந்தச் சொல் ஊர் முழுக்கப் போய், வேறு பட்டறையிலும் அவரைச் சேர்க்கவில்லை.

அன்று காலையில் உன்னைக் கேலி செய்யலாம் என்று டீயைக் கலக்கிப் பார்த்தேன், தூள் நடுவில் வந்து உட்கார்ந்தது. டம்ளரை அப்படியே வைத்துவிட்டுப் பட்டறைக்குப் போய்ச் சாயத்தைக் கலக்கச் சொல்லி, மெதுவாக மொண்டு இறைக்கச் சொன்னேன். தொட்டியின் அடியில் சரியாக நடுவில், கரையாத பொடி ஒரு கைப்பிடி. நடுவில் இறங்குகிற நூலெல்லாம் அதில்தான் உரசியிருக்கிறது. சாயத்தைக் கோயில் சுற்றுகிற மாதிரி வலமாகத்தான் சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் நிறம் ஏறாது என்று நம் பட்டறையில் சட்டம் வைத்தது யார் என்பது உனக்குத் தெரியும். நீளத் தொட்டியில் சுற்றினாலும் மூலைகளில் முட்டிக் கலைந்துவிடும், அதனால் இத்தனை வருஷம் தெரியவில்லை. கோயிலுக்குச் சுற்றுவது கோயிலோடு, தொட்டிக்கு என்ன பக்தி.

தணிகாசலம் தேவிகாபுரத்தில் தன் அக்கா வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு பஸ் ஏறிப் போனேன். அவர்கள் நிலத்தில் மல்லாட்டைச் செடி பிடுங்கி வேர்க்கடலை உதிர்த்துக்கொண்டிருந்தார், நகக்கண்ணில் இன்னும் அரக்கு போகவில்லை. தொட்டிதான் கோளாறு, வந்து வேலையைப் பாருங்கள் என்றேன். வட்டத் தொட்டிக்கு ஒத்து வராது என்று தெரிந்தே ஏன் சுற்றினீர்கள் என்றும் கேட்டேன். தலையை நிமிர்த்தாமல், "நீங்க சொன்னபடிதான் வலமா சுத்திகினு இருந்தேம்மா, மாத்திக் கலக்கினா அதுக்கும் நீங்கதான் பேசுவீங்க" என்றார். சொல்லிவிட்டு அடுத்த செடிக்கு நகர்ந்துவிட்டார். நான் கிளம்புகிறபோது, "கை நடுங்குதுன்னு அத்தினி பேரு எதிர்ல சொன்னீங்க, இத மட்டும் வரப்புல வந்து சொல்றீங்களே" என்றார்.

ஆகையால் நீ ஒரு காரியம் செய். 27-ஆம் தேதி வெள்ளிக்கிழமை தறிக்காரர்கள் எல்லாரும் கூலிக்கு வருவார்கள், தணிகாசலத்தையும் வரச் சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். அதற்குள் கிடைக்கிற மாதிரி ஜல்தியாக ஒரு கடிதம் எழுது, ஜெயவேலை விட்டுச் சத்தமாகப் படிக்கச் சொல்கிறேன். அம்புக்குறி வேண்டாம், இங்கிலீஷ் வேண்டாம். வட்டத் தொட்டியில் ஒரே பக்கமாகச் சுற்றினால் எவன் கை சுற்றினாலும் பொடி நடுவில்தான் சேரும் என்று எழுது. அதற்குக் கீழே, அப்படிச் சுற்றச் சொன்னது கெங்கம்மாள், தப்பு அவளுடையது என்று என் பெயரைப் போட்டே எழுது. நான் எதிரில்தான் நிற்பேன். என் வாயால் சொல்லிப் பார்த்தேன், வரப்பில்கூட அந்த ஒரு வரி வரவில்லை.

உன் படிப்பை மெச்சிவிட்டேன் என்று நினைத்துக்கொள்ளாதே, அந்தக் காளான் போட்டோ இன்னும் அரிசி டப்பாவுக்கு மூடியாகத்தான் இருக்கிறது. சனிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளி. ஒரு நோயும் அண்டாமல் நூறு வயசு இரு. இது கிடைத்த அன்றைக்கே தபாலைப் போடு.

இப்படிக்கு,
உன் அம்மா
கெங்கம்மாள்