கபிரியேலை வரவழைத்த மாத்திரை

பெப்ரவரி 11, 2025. செவ்வாய்

இன்றைக்கும் வந்தார். நனைந்த குடையோடு வாசலில் நின்று, "ஜெசி, உப்ப எங்க வச்ச?" என்று கேட்டார். செத்து இரண்டு வருஷம் கழித்து வருகிற மனுசன் கேட்கிற கேள்வியா இது? கட்டில் முழுக்கத் தேயிலைக் கொழுந்து பரப்பிக் கிடந்தது, ஃபெக்டரி மாடியில் வாடப் போடுவது போல. அதன் மேலேயே உட்கார்ந்து இரண்டு பேரும் தேத்தண்ணி குடித்தோம். ஒரு இலை கூட நசுங்கவில்லை.

கபிரியேல் உயிரோடு இருந்தபோது என்னோடு இப்படி உட்கார்ந்ததே இல்லை. ஃபெக்டரி, சோறு, தூக்கம். இப்போதுதான் மனுசனுக்கு நேரம் கிடைத்திருக்கிறது.

பெப்ரவரி 19. புதன்

யோசித்துப் பார்த்தேன். பிரஷருக்கும் நெஞ்சு வலிக்கும் என்று ஜனவரியில் பதுளை கிளினிக்கில் மெட்டோப்ரோலோல் மாத்திரை கொடுத்தார்கள். அதற்கு முன்னே ஒரு நாளும் அவர் கனவில் வந்ததில்லை. மாத்திரை தொடங்கிய மூன்றாம் நாள் வந்தார். அதிலிருந்து அநேகமாகத் தினமும் வருகிறார்.

கலாராணியிடம் மட்டும் சொன்னேன். பிள்ளைக் காம்பராவில் நாங்கள் இருவரும்தான் கொழுந்தெடுக்கப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறோம்.

"அப்ப அது மாத்திர இல்லக்கா, பஸ் டிக்கட்டு" என்கிறாள் கழுதை.

பெப்ரவரி 27

பசறை பஸ் ஸ்டாண்டில் நிற்காமல் தேயிலைக்கு மேலாகப் பறந்தது. அவர் ஜன்னல் பக்கம். என் மடியில் அவருடைய தொப்பி. எழும்ப மனசே வரவில்லை.

மார்ச் 5. சாம்பல் புதன்

நெற்றியில் சாம்பல் வைத்துவிட்டு பாதர் சொன்னார்: "உங்களுக்கு எது ரொம்பப் பிடிக்குமோ, அத இந்தத் தவக்காலத்துல ஆண்டவருக்காக விட்டுடுங்க."

எல்லோரும் இறைச்சியை விடுவார்கள். நான் கண்டது நெத்தலிக் கருவாடுதான், அதை விட்டால் ஆண்டவருக்கு என்ன பெருமை? கலாராணி இந்து, ஆனாலும் எனக்கு யோசனை சொல்கிறாள்: "பேச்ச விடுங்கக்கா, எங்களுக்கும் புண்ணியம்."

எனக்கு எது ரொம்பப் பிடிக்கும்? பொய் சொல்ல முடியாது. விடியற்காலையில் அவர் வருவதுதான்.

அப்படியென்றால் மாத்திரையை விட வேண்டும். உயிர்த்த ஞாயிறு வரைக்கும். பைக்கற்றை மாதா படத்துக்குப் பின்னால் வைத்துவிட்டேன். அழுகை வந்தது. அழுகை வந்தால்தானே காணிக்கை.

மார்ச் 6

வரவில்லை. வெறும் தூக்கம்.

மார்ச் 10. பதுளை ஆஸ்பத்திரி

படுத்தபடியே எழுதுகிறேன், எழுத்து கோணல்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்தே நெஞ்சு அடித்துக்கொண்டது. சாம்பல் வைத்தவளுக்குச் சோதனை வரத்தானே செய்யும் என்று இருந்துவிட்டேன். புத்தி கெட்டவள். பத்து மணிக்குப் பக்கத்து வீட்டு வீரசிங்கத்தின் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு காம்பராப் படியேறினேன். நெஞ்சுக்குள் யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி — ஐயோ, புள்ள, புள்ளய விட்டுறாத — அது ஒன்றுதான் தெரிந்தது. அப்படியே சுவரோடு சரிந்து உட்கார்ந்தேன். பிள்ளை மடியில் இருந்தாள். கலாராணி ஓட்டோ பிடித்துக் கொண்டுவந்து சேர்த்தாள்.

"மாத்திரைய யாரு நிப்பாட்டச் சொன்னது?" என்று கேட்டார் டொக்டர் ஷிப்னா.

"யாரும் இல்லீங்க. தவக்காலம்."

சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "நானும் இன்னைக்கு நோன்புதான். ஆனா நோய் வருத்தக்காரங்களுக்கு எங்கள்ல விலக்கு இருக்கு. உங்கள்ல இல்லாமலா இருக்கும்?" என்றார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "இந்த மாத்திரை இதயத்த அடக்கி வச்சிருக்கு. திடீர்னு விட்டா அது முன்னவிட வேகமா பாயும். மாரடைப்பே வரலாம். நிப்பாட்டணும்னா நாங்கதான் கொஞ்சம் கொஞ்சமாக் குறைப்போம். ஒரு வேள மறந்தாலும் அடுத்த வேள ரெண்டாப் போடக் கூடாது."

கனவைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

மார்ச் 13

பார்க்க வந்த பாதருக்கு முகமே கறுத்துவிட்டது. "மருந்த விடச் சொல்லி நான் சொல்லுவேனாம்மா?" பாவம், அவர் மேல் என்ன பிழை.

மார்ச் 15

வீடு. மாத்திரை. அவர். "எங்க போயிருந்த?" என்கிறார். கேட்கிற ஆளைப் பார்.

மார்ச் 30

டொக்டர் சொன்னபடி தினமும் நாடி எண்ணுகிறேன். கபிரியேலின் கைக்கடிகாரத்தை வைத்துத்தான். ஐம்பதுக்குக் கீழே போனால் வந்து காட்ட வேண்டுமாம். இன்றைக்கு 51. படியில் தலை சுற்றியது. வெயிலாக இருக்கும்.

ஏப்ரல் 9

47. நேற்றும் 47. வெயில் இல்லை, மழை. நாளைக்குத்தான் கிளினிக்.

ஏப்ரல் 10. வியாழன்

டொக்டர் கேட்டார்: "தலை சுத்துதா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் வந்துவிட்டது. அந்தப் பிள்ளையின் கனம் இடுப்பில் தெரிந்தது. "சுத்துதுங்க" என்றேன். நாடியையும் சொன்னேன். கனவையும் சொன்னேன்.

"அந்த மாத்திரைக்குக் கனவு வர்றதுண்டு. சொல்லியிருக்கலாமே, கரைச்சலா, தொந்தரவா இருந்திச்சா?"

"இல்லீங்க. அதுல என் வீட்டுக்காரர் வருவாரு."

பேனாவைத் திறந்து என் சீட்டில் எழுதினார். "ரெண்டு வாரத்துல குறைச்சு நிப்பாட்டிட்டு வேற வகை தாரேன். அவரு வரமாட்டாருன்னு என்னால சொல்ல ஏலாது. ஆனா குறையும்."

ஏப்ரல் 18. பெரிய வெள்ளி

பாதி மாத்திரை. அவர் எதிர்ப்பக்க மலையில் நின்றார். குடை மட்டும் தெளிவாகத் தெரிந்தது. கூப்பிட்டேன், காது கேட்கவில்லை போல.

ஏப்ரல் 28. திங்கள்

இன்றும் வரவில்லை. அந்த மாத்திரையை முழுதாக விட்டு நாலு நாள். புதியதைக் காலையில் போட்டாயிற்று. நாடி 68. வீரசிங்கத்தின் பேத்தியைத் தூக்கிக்கொண்டு படியேறினேன், தலை சுற்றவில்லை. அவள் என் காதைப் பிடித்து இழுத்துச் சிரித்தாள்.

பிடித்ததை விடச் சொன்னார் பாதர். இப்போதுதான் விட்டிருக்கிறேன். உயிர்ப்புப் பெருநாள் முடிந்து எட்டு நாளாகிவிட்டது. பிந்தினாலும் ஏற்றுக்கொள்ளும், ஆண்டவரே.

உப்பு அடுப்புக்கு மேல் தட்டில் இருக்கிறது, கபிரியேல். எனக்குக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.