பரவாயில்லை

மார்ச் 4

அன்புள்ள வாலுக்கு,

உன் நச்சரிப்பு தாங்காமல் கிளினிக்குக்குப் போய்விட்டு வந்தேன். திருப்திதானே? நாக்கை நீட்டச் சொல்வார் என்று பார்த்தால், “கடைசியா எப்பம்மா சிரிச்சீங்க?” என்கிறார் டாக்டர். உன் அத்தான் போன பிறகு யாரைப் பார்த்துச் சிரிப்பது? உடம்பில் கோளாறு இல்லையாம், மனச்சோர்வாம்.

மூன்று பேர் சேர்ந்து என்னைக் கவனிக்கப் போகிறார்கள். டாக்டர் மாத்திரை கொடுப்பார். நர்ஸ் ஒருத்தி வாரா வாரம் போன் செய்து கேள்வி கேட்டு மார்க் போடுவாள். அதைப் பார்த்து ஒரு மனநல டாக்டர் மருந்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்வார். அவர் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். பெண் பார்க்க வந்தபோதுகூட இத்தனை அமர்க்களம் இல்லை.

பல் தேய்க்கலாம் என்று எழுந்து உட்காருகிறேன், மதியமாகிவிடுகிறது. உன்னிடம் என்ன ஒளிவு மறைவு? ஆபரேஷன் செய்த காலை ஊன்றி நடக்காதே.

அக்கா

மே 11

என் சிடுமூஞ்சி அக்காவுக்கு,

நீ கொடுத்த நம்பரில் நர்ஸ் எனக்கு போன் செய்தாள்! “உங்க அக்கா நல்லா தேறிட்டாங்க. தூக்கம், சாப்பாடு, எதைக் கேட்டாலும் பரவாயில்லைங்கிறாங்க. மார்க் பாதியா குறைஞ்சிடுச்சு” என்றாள். குறைந்தால் நல்லதாம். கால் மட்டும் சரியாக இருந்தால் குதித்திருப்பேன். நான் சொன்னேனா இல்லையா?

உன் வாலு

ஜூன் 2

அன்புள்ள வாலுக்கு,

இனி போன் வராது. நான் தேறிவிட்டதாக மூவரும் முடிவு செய்து, என் இடத்தை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அந்த நர்ஸ் பெண் பாவம், நாளெல்லாம் அழுகிறவர்களிடமே பேசுகிறாள். எரிச்சலே இல்லாமல் கேட்பாள். அவளிடம் போய் என்ன சொல்வது? “பரவாயில்லைம்மா” என்பேன். “ரொம்ப சந்தோஷம்மா” என்பாள். எழுந்து கதவைத் திறக்கவே அலுப்பாக இருக்கிறது. பால்காரர் மணியடித்துவிட்டுப் போய்விடுகிறார்.

அக்கா

ஜூன் 9

அழுத்தக்காரிக்கு,

படித்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. பரவாயில்லையா? அத்தானை எடுத்துக்கொண்டு போன அன்றும் வந்தவர்களிடமெல்லாம் அதைத்தானே சொன்னாய்! அந்த வார்த்தையில் ‘என்னை விட்டுவிடுங்கள்’ என்கிறாய் நீ. ‘தேவலை’ என்று எழுதிக்கொள்கிறாள் அவள். எனக்கே உறைக்கவில்லையே, அவளை எப்படிக் குறை சொல்வேன்?

நீ வேலை பார்த்த மூக்குக்கண்ணாடிக் கடையில் யாராவது உன்னிடம் பரவாயில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியுமா? “பரவாயில்லைன்னா என்னங்க? எழுத்து தெரியுதா, தெரியலையா?” என்று லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு உயிரை எடுப்பாயே!

நர்ஸுக்கு போன் போட்டுச் சொன்னேன். “ஐயோ, அவங்களுக்கு மருந்தைக் கூட்டியிருக்கணுமே!” என்று பதறிவிட்டாள். அவளும் உனக்கு போன் அடித்துப் பார்த்தாளாம், நீ எடுக்கவில்லை. நீ வாயைத் திறந்து உள்ளதைச் சொன்னால் அன்றைக்கே மறுபடி சேர்த்துக்கொள்வார்களாம். இந்தக் காலோடு என்னால் பஸ் ஏற முடியாது. ஒரே ஒரு போன் பண்ணுக்கா. உன் காலில் விழுகிறேன்.

வாலு

ஜூன் 20

வாலுக்கு,

நீ சொன்னாய் என்று போன் செய்தேன். “சொல்லுங்கம்மா” என்றாள். என்னிடம் சொல்வதற்கு ஒன்றுமே இல்லை. வைத்துவிட்டேன். அவள் திரும்பத் திரும்ப அழைத்தாள். மணி அடிப்பதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன்.

முன்பெல்லாம் நீ ஒரு வார்த்தை கடிந்து பேசினால் நாள் முழுக்க அழுவேன். இவ்வளவு திட்டியிருக்கிறாய், காலில் விழுகிறேன் என்கிறாய், எனக்கு ஒன்றும் ஆகவில்லை. கோபம்கூட வரவில்லை. உன்மேல் உயிரையே வைத்திருந்தேன் என்பது ஞாபகத்தில் இருக்கிறது. மனதில் தேடினால் கிடைக்கவில்லை. இதை உன்னிடம் சொல்லவே கூடாது என்றிருந்தேன்.

இனிமேல் எழுதாதே. கடிதம் வந்தால் பதில் போட வேண்டுமே என்று பயமாக இருக்கிறது.

அக்கா